மூன்று பீடி நேரம்

என் தலைமேல் ஒரு கொக்கு ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. அதுவும் ஒற்றைக்காலில். நடுவில் அசந்து தூங்கி ஒரு கனவும் கண்டது. கனவு கண்டது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. உங்கள் தலைமேல் ஒரு கொக்கு தூங்கினால் உங்களுக்கும் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பல்லில் பாதியும் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவன் பொய் சொல்லி இனிமேல் என்ன சம்பாதிக்கப் போகிறான்?

எங்கள் ஏரிக்கரைக் குப்பத்தில் இதை நம்பாத ஆள் ஒருவர்தான். என் சம்சாரம் ரத்னாவின் அண்ணன் பூவராகவன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த கம்பி ஆலையின் ஆபீசில் குமாஸ்தா. எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். எழுத்தில் இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படிப்பார்.

இது நடந்தது எழுபத்தெட்டாம் வருஷம். அதுவரை நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. முடிவெட்டுகிறவர் என்னைச் சுற்றி ஓடி ஓடித்தான் வெட்டுவார். வெட்டி முடிப்பதற்குள் முதலில் வெட்டிய பக்கம் வளர்ந்துவிடும். என் கல்யாணப் போட்டோவில் ரத்னாவுக்கு ஒரு தலை, எனக்கு மூன்று. படகில் என்னை ஏற்றமாட்டார்கள். நான் ஏறினால் காற்றே இல்லாத நாளிலும் ஏரியில் அலை அடிக்கும். இதனாலேயே எங்கள் ஆட்களின் மீன்பிடித் தொழில் எனக்கு ஒட்டவில்லை. இருபத்தொன்பது வயதுவரை வலை சுமப்பதும் லாரியில் ஐஸ் ஏற்றுவதுமாக அலைந்தேன்.

அப்போதுதான் கம்பி ஆலையில் ஆள் எடுத்தார்கள். பூவராகவன் மச்சான் மனுப் போடச் சொன்னார், போட்டேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் கம்பெனி டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வேலையில் சேரலாம் என்று ஜூன் மாதத் தொடக்கத்திலேயே ஆர்டர் கையில் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போய்ச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் காட்டிவிட்டு பாசஞ்சரில் திரும்பினேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வந்தது. எல்லோரும் வண்டி நின்ற பிறகு இறங்கினார்கள். நான் நிற்பதற்கு முன்னால் இறங்கினேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு 'சடக்' என்றது. அந்தச் சத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைக் கீழே போட்டுவிட்டார் என்று சொல்வேன். மச்சான் இல்லை என்பார்.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிக்கமாட்டார்கள். ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திராவில் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். கட்டியவர் என் மோவாயைப் பிடித்து, "கதலக்கு, நைனா" என்றார். அசையாதே என்று அர்த்தம். யாரைப் பார்த்து யார் சொல்கிற வார்த்தை!

எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்பதாம் நாள் கட்டுக்குள் அரித்தது. சாதாரண அரிப்பு இல்லை. ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு முழங்காலிலிருந்து கணுக்காலுக்குப் போய்விட்டு, மாலையை மறந்துவிட்டு வந்தோமே என்று திரும்பி வரும். முதலில் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தேன். பத்தவில்லை. அகப்பைக் காம்பை விட்டேன். பத்தை நழுவியது. நழுவிய பத்தையைச் சரிசெய்கிறேன் என்று முடிச்சை அவிழ்த்தேன். ரத்னா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது கட்டு முழுவதும் என் மடியில் கிடந்தது.

மறுபடியும் புத்தூர். கட்டுகிறவர் இந்த முறை மோவாயைப் பிடிக்கவில்லை. "இன்னொரு வாட்டி கை வெச்சே, எலும்பு கோணிக்கும் நைனா. அப்புறம் இங்க வராதே. நாப்பத்தஞ்சு நாளு" என்றார். பஸ்ஸில் ரத்னா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அன்று ஜூன் பதினேழு. நாற்பத்தைந்து நாள் முடிவது ஆகஸ்ட் ஒன்று. ஆலையில் நிற்க வேண்டியது மூன்று. நடுவில் நொண்டப் பழகுவதற்கு ஒரே ஒரு நாள்.

"ஒரு நாளு கூட இனிமே உதிரி இல்ல" என்றாள். "கால் கோணிச்சுதுன்னா அந்த டாக்டரு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு. ஆயுசுக்கும் ஐஸ் ஏத்திக்கினு கெட."

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆலைக்கு விடுமுறை நாள், பூவராகவன் மச்சான் வந்தார். கையில் ஒரு காகிதம். 'சொந்தக் காரணத்தினால் இந்த வேலையில் சேர இயலவில்லை' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் மாரியப்பன். மச்சானுடைய சம்சாரத்தின் தம்பி.

"இன்னா மச்சான் இது?"

"மாப்ள, நீ நாப்பத்தஞ்சு நாளு அசையாம குந்தினா இந்த ஏரில கப்பலு வரும். எப்படியும் அவுக்கத்தான் போற. கடைசி நாளு நீ நொண்டிக்கினு வந்து நின்னா அந்த எடம் வேற எவனுக்காச்சும் பூடும். இப்பவே எழுதிக் குடுத்தா மாரியப்பனாவது பொழைப்பான். ஊட்ல தெனமும் பேஜாரு பண்றா."

ரத்னா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து, "அண்ணே, உன் பொண்டாட்டி பேஜாருக்கு என் புருசன் வேலையா கெடச்சுது?" என்றாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். காகிதம் மச்சானிடமே இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வருவார், எப்போது வேண்டுமானாலும், எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும். என் கை கட்டின்மேல் இருப்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் காகிதம் ஆபீசுக்குப் போய்விடும். பார்க்கவில்லை என்றால் கிழித்துப் போடுவார். படலைத் தாண்டும்போது திரும்பி, "சாமியாருங்க கணக்கா தியானம் பண்ணு மாப்ள!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு வேறு வழி இல்லாததால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு முனிவர் புலித்தோல்மேல் இருந்தார். அவரைப்போல் கண்ணை மூடி மூச்சை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மூச்சில் நான் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். ஐந்தாவதில் ஆலை வாசல். ஆறாவதில் என் காக்கிச் சட்டையை மாரியப்பன் போட்டுக்கொண்டு, என் பெயருள்ள டிபன் கேரியரில் என் ரத்னா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோது என் கை முடிச்சின்மேல் இருந்தது.

இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை. உடம்பு கட்டிலில், மனசு ஊர் முழுக்க. முட்டை வாசனைக்கு எறும்பு வந்தது. கட்டில் கால் நான்கையும் தண்ணீர் டப்பாவில் வைத்தாள் ரத்னா. பூனை வந்தது. இடது கால் சும்மா இராமல் ஆடி ஆடிக் கட்டில் கயிறு நாலு அங்குலம் தளர்ந்தது. வீட்டுக்குள் வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் பனைமரத்துப் பக்கம் போட்டார்கள். சும்மா போடவில்லை, ரத்னா வேலையும் கொடுத்தாள். என்னைச் சுற்றிப் பாய் விரித்து இறாலைக் காயவைத்துவிட்டு, கந்தல் கட்டிய கழி ஒன்றைக் கையில் கொடுத்தாள். காக்கா, கொக்கு வந்தால் விரட்ட வேண்டும்.

எனக்கு எதிரே ஏரிக்குள்ளேதான் குப்பாயி தினமும் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வீட்டுக்காரி, என் வயதுதான். வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிக்கிறவள். மார்பளவு தண்ணீரில் மண்டிபோட்டு, ஓலைப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வாள். ஒரு நாள் கரையேறிப் பையை உதறிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாயா ராஜவேலு, அடுப்புல வுழுந்த நண்டு கணக்கா நெளியிற?"

"அரிக்குது குப்பாயி. உசுரு போவுது. தியானம் பண்லாம்னா மனசு நிக்க மாட்டேங்குது."

"எங்க அரிக்குது?"

"கால்லதான்."

"கால்லன்னா? அம்மாம் பெரிய காலு. எந்த எடத்துல?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எங்கே என்று தேடினேன். முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. இல்லை, அதற்கும் கொஞ்சம் உட்பக்கம். சொன்னேன்.

"அங்கயே குந்தியிருக்குதா, நகருதா?"

"நகருது."

"நகரட்டும். பாத்துக்கினே இரு. சேத்துல கைய வெச்சா இறாலு வெரலு சந்துல பூந்து பூந்து போவும். அவசரப்பட்டு அமுக்குனா எகிறிடும். கைய சும்மா வெச்சுக்கினு, எங்க வர்து, எங்க போவுதுன்னு மட்டும் பாக்கணும். வேற நெனப்பு வந்திச்சா, இறாலு பூடும்."

"அப்புறம் எப்பதான் புடிக்கிறது?"

"நான் புடிப்பேன், விப்பேன். நீ இன்னாத்துக்குப் புடிக்கணும்? அரிப்ப கொழம்பு வெக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று சாயங்காலம் அரிப்பு வந்தபோது முடிச்சுக்குப் போன கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டு, கட்டுக்குள்ளே போய் உட்கார்ந்தேன். அரிப்பு கணுக்காலில் புறப்பட்டது. பார்த்தேன். ஆடுசதையில் நின்று கொஞ்சம் சூடானது. பார்த்தேன். மாரியப்பன் காக்கிச் சட்டையோடு வந்தான். போடா என்று அனுப்பிவிட்டு மறுபடியும் காலுக்கு வந்தேன். வருவதற்குள் அரிப்பு இடம் மாறியிருந்தது. தேடிப் பிடித்தேன். இல்லை, பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரமோ, தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரி அது கரைந்து போனது. போன இடத்தில் காற்று படுகிற மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் வந்தது. நான் ஒன்றும் முனிவன் ஆகிவிடவில்லை. நூறு தடவை கை போன இடத்தில் தொண்ணூறு தடவை போனது, பிறகு எழுபது, பிறகு இருபது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வர வேண்டியிருந்தது. நாள் முழுக்க எனக்கு அது ஒன்றுதான் வேலை.

முப்பதாம் நாள் வாக்கில் நான் அசையாமல் இருந்த இருப்பில் என் காதுக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியது. அதில் விழுந்த ஈக்களை எண்ணி அன்றன்று ரத்னாவுக்குக் கணக்குச் சொன்னேன். நண்டு ஒன்று என் உள்ளங்கையில் வளை தோண்டப் பார்த்தது. மச்சான் மூன்று வெள்ளிக்கிழமை வந்து, படகுக்குப் பின்னாலிருந்தும் வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்தும் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார். நாலாவது வாரம் வேறு வேலை வந்து அவரால் வரமுடியவில்லை. "ஆள் பாக்கும்போது ஒரு மாதிரி, பாக்காதப்ப ஒரு மாதிரி. கடைசி வாரம் நிச்சயமா அவுப்பான், எனக்குத் தெரியும்" என்று ரத்னாவுக்குச் சொல்லி அனுப்பினார். மூன்றாம் தேதிக்குள் பட்டியலை முடிக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்கிறாராம்.

ஜூலை இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை. நாற்பத்தோராம் நாள். மத்தியானம் காற்று நின்றுவிட்டது. கட்டுக்குள் வேர்வை இறங்கியது. இதுவரை வந்த அரிப்பெல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி ஒன்று புறப்பட்டது பாருங்கள்! கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் நாலே நாள்தானே, ஒரு முடிச்சை மட்டும் லேசாகத் தளர்த்தினால் என்ன என்று மனசு வக்கீல் வைத்துப் பேசியது. கை போனது. பாதியில் நிறுத்தினேன். கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கே? முழங்காலுக்குக் கீழே. நகர்கிறதா? நகர்கிறது. சரி, நகரட்டும்.

அப்போதுதான் கொக்கு வந்தது. வெள்ளைக் கொக்கு. முதலில் பாயில் இறங்கி ஒரு இறாலைத் தின்றது. விரட்ட வேண்டும். அசைந்தால் கை நேராக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் அசையவில்லை. அது கட்டில் சட்டத்தில் ஏறியது. கழுத்தை வளைத்து என் முகத்தைப் பார்த்தது. பனங்கட்டை என்று முடிவுசெய்திருக்க வேண்டும். ஒரு தாவு. ஈரத் துடைப்பக்குச்சி நான்கை என் உச்சந்தலையில் வைத்துப் பரப்பின மாதிரி இருந்தது. காலில் அரிப்பு, தலையில் கொக்கு. நடுவில் நான். மனசு அன்றைக்கு எந்த பஸ் ஸ்டாண்டுக்கும் போகவில்லை. போக எங்கே நேரம்? இறங்கித் தின்னும், ஏறி ஒற்றைக்காலில் நிற்கும், அசந்து தூங்கும். அரிப்பு ஏறியது, இறங்கியது, எப்போது போனது என்று தெரியவில்லை. கொக்கு பிறகுதான் போனது, என் நெற்றி வழியாக வெள்ளையாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு.

ரத்னா வந்து பாயைப் பார்த்தாள். பாதி இறால் இல்லை. வாயைத் திறந்தவள் என் நெற்றியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிறகு கட்டைப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாகவே இருந்தது. முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர் மாதிரி வந்தார். நான் சொன்னேன். ரத்னா சொன்னாள். குப்பாயி தண்ணீரிலிருந்தே கத்தினாள்.

"காக்கா எச்சம்" என்றார் மச்சான். "தூங்கியிருப்ப. கனா கண்டிருப்ப."

"கனா கண்டது கொக்கு மச்சான், நான் இல்ல."

"கற்பூரம் அணைச்சாலும் நம்ப மாட்டேன் மாப்ள. கொக்கு இன்னா கூமுட்டையா, உன் தலையில குந்தறதுக்கு?"

காகிதத்தைக் கொடுக்கப் போகிறாரா, கிழிக்கப் போகிறாரா என்று தெரியவில்லை. போய்விட்டார். அவர் போன பிறகு பனைமரத்துக்குப் பின்னால் மூன்று பீடித் துண்டுகள் கிடந்ததைக் குப்பாயி எடுத்து வந்து காட்டினாள். சூடுகூட ஆறவில்லை என்று சத்தியம் செய்தாள். அதைச் சொல்லி அனுப்பியதற்கு, "குப்பத்துல வேற எவனும் பீடி குடிக்கறதில்லையா?" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் ஒன்று, கட்டு அவிழ்ந்தது. கால் நேராக இருந்தது. மெலிந்து முருங்கைக்காய் மாதிரி, ஆனால் நேராக. மூன்றாம் தேதி காலையில் ரத்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனேன். உள்ளே பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக மாரியப்பன் உட்கார்ந்திருந்தான். காகிதம் ஆபீசுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். ரத்னா என் கையை அழுத்தினாள். அதற்குமேல் அவளை உள்ளே விடவில்லை.

டாக்டர் அறையில் மச்சான் பைலோடு நின்றார். பைலின் ஓரத்தில் ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அழகான கையெழுத்து எனக்குத் தெரியாதா?

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். லேசாக இழுத்தது.

"புத்தூர்க் கட்டா? எத்தனை நாள்?"

"நாப்பத்தஞ்சு சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. நடுவுல அவிழ்த்துச் சொறிஞ்சிட்டு, இங்க வந்து மெஷின்ல நிக்கும்போது விழறது. அசையாம இருந்தேன்னு எவன் சொல்லுவான்?"

"கொக்கு சொல்லும் சார்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

டாக்டர் பேனாவை மூடினார். "கிண்டலா? உட்கார் அங்கே." என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, முறிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உச்சி வரை ஏறியது வலி. எங்கே? நான்கு விரல் கீழே. நகர்கிறதா? இல்லை, நிற்கிறது. சரி, நிற்கட்டும். டாக்டர் இன்னும் அழுத்தினார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா இவன், மரம் மாதிரி இருக்கான்?" டாக்டர் விரலை எடுத்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார். "உங்க சொந்தக்காரர்தானே? அசையாம இருந்தானா, இல்லையா? அடுத்த பேர் வெளியே காத்துக்கிட்டிருக்கு."

மச்சான் கதவுப் பக்கம் பார்த்தார். பெஞ்சில் மாரியப்பனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பைலில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தை உருவி, நான்காக மடித்து, எட்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதே மூஞ்சிதான் சார்" என்றார். "இப்படியேதான் குந்திக்கினு இருந்தான். ஒன்றரை மணி நேரம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறான், அதெல்லாம் புளுகு. நான் பனமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு மூணு பீடி குடிச்சேன், அம்மாம் நேரம்தான். ஆனா, குந்திச்சு சார். கொக்கு அவன் தலை மேல குந்திச்சு. நானே பாத்தேன்."